ஆப்பிளின் வயதை யார் சொல்வது?

மே மாதத்தில் சென்னைக் கடையில் ஆப்பிள் வாங்கும்போது, அது எங்கு, எப்போது பறிக்கப்பட்டது என்று கேட்பவர்கள் அரிது. கேட்டாலும், 'கோயம்பேட்டிலிருந்து வந்தது' என்பதே விடையாகக் கிடைக்கும். கோயம்பேடு சந்தை; அங்கே ஆப்பிள் விளைவதில்லை.

இந்தியாவின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ முக்கால் பங்கு காஷ்மீருடையது. இமாசலப் பிரதேசத்தில் ஜூலையில் தொடங்கும் அறுவடை, காஷ்மீரில் நவம்பருக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே, மே மாதத்துப் பழம் கடல் கடந்து வந்ததாகவோ, ஆறு மாதங்களுக்கு மேல் கிடங்கில் இருந்ததாகவோதான் இருக்க முடியும்.

பறித்த பின்னும் ஆப்பிள் சுவாசிக்கிறது. எத்திலீன் வாயுவை வெளியிட்டுப் பழுக்கிறது. நவீனக் கிடங்குகளில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸை ஒட்டி வைக்கப்படுகிறது. காற்றில் 21 சதவீதம் உள்ள ஆக்சிஜன் அங்கே 1 முதல் 3 சதவீதமாகக் குறைக்கப்படுகிறது. சுவாசம் தளர்வதால் பழம் பல மாதங்கள் கெடாமல் இருக்கிறது. இதில் மோசடி ஏதும் இல்லை. கிடங்கு 'காலப் பயன்பாட்டை' உருவாக்குகிறது என்றுதான் பொருளியல் வகுப்புகளில் நான் கற்பித்திருக்கிறேன். அந்தப் பயன்பாட்டின் விலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி.

புல்வாமா மாவட்டத்தின் லாசிபோராவில் இத்தகைய கிடங்குகள் பல உள்ளன. ஆனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன் விளையும் காஷ்மீரில், சிறு பகுதிக்கே அவற்றில் இடம் உண்டு. மருந்துக்கும் பெட்டிக்கும் கமிஷன் வியாபாரிகளிடம் முன்பணம் பெற்ற சிறு விவசாயியோ, வரத்து மிகுந்து விலை சரியும் அறுவடைக் காலத்திலேயே விற்றாக வேண்டும். 2025 செப்டம்பரில் ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலை நிலச்சரிவால் முடங்கியபோது, லாரிகளிலேயே பழங்கள் அழுகின. காத்திருக்க வசதியுள்ளவருக்கே கோடைக்கால விலை கிடைக்கிறது.

கிலோ 50 ரூபாய்க்கும் குறைந்த இறக்குமதி விலையுள்ள ஆப்பிளுக்கு 2023 மே மாதத்தில் மத்திய அரசு தடை விதித்தது. மலிவான இறக்குமதியைத் தடுக்க அது உதவலாம். ஆனால், சிறு விவசாயிக்குக் காத்திருக்கும் வலிமையை அது தராது. கூட்டுறவுக் கிடங்குகளும், கிடங்கு ரசீதின் பேரில் குறைந்த வட்டியில் வங்கிக் கடனும் அதைத் தரும்.

நுகர்வோருக்கும் ஓர் உரிமை இருக்கிறது. பழத்தில் ஒட்டப்படும் ஸ்டிக்கரின் நான்கு இலக்க எண், ரகத்தையும் அளவையும் குறிக்குமேயன்றிப் பறித்த நாளைக் குறிக்காது. கிடங்கை விட்டு வெளியேறிய பழம் விரைவாக மூப்படையும். வாங்கியதும் குளிர்பதனப் பெட்டியில், கீரை, காய்கறிகளிலிருந்து தள்ளி வைப்பதே நல்லது. ஆப்பிள் விடும் எத்திலீன் அவற்றையும் வாட்டிவிடும். எத்தனை நாள் தாங்கும் என்று கணிக்க, பழத்தின் வயது தெரிய வேண்டாமா?

விளைந்த இடம், பறித்த மாதம் என்னும் இரண்டு விவரங்களை விலைப் பலகையில் எழுதப் பெரும் செலவு ஆகாது. சில்லறைக் கடைகள்வரை அதைக் கட்டாயமாக்கினால், நாம் பழத்துக்குக் கொடுக்கும் விலை எவ்வளவு, காலத்துக்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பது புலப்படும். தோட்டத்தில் உழைத்தவருக்கு அதில் எவ்வளவு சென்றது என்று கேட்கவும் அப்போது வழி பிறக்கும்.