மெஷின் கத்தாத மண்

அதியமான்கோட்டையில் கோட்டை பெரும்பாலும் பெயரில்தான் மிச்சம். ஆனால் அந்தப் பெயருக்கே ஒரு மயக்கம் உண்டு. கோட்டை என்றால் ராஜா. ராஜா என்றால் புதையல். அந்த மயக்கத்தில் இரண்டு பையன்கள் மழை விட்ட ஒரு நாளில் எங்கள் பக்கம் வந்தார்கள். கையில் நீளக் குச்சி, அதன் அடியில் தட்டு மாதிரி ஒரு வட்டம், காதில் ஹெட்போன். மெட்டல் டிடெக்டர். படித்த பையன்கள்தான். வெளிநாட்டில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார்களாம். கரட்டோரத் தரிசில் ஒரு மணிநேரம் துழாவினார்கள். ஆணி, லாடத் துண்டு, பாட்டில் மூடி. அவ்வளவுதான்.

"தம்பி, அந்தாண்ட எங்க காலனிப் பக்கம் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"காலனியாண்ணா? அங்க ஒண்ணும் இருக்காதுண்ணா."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. கிணற்றில் தண்ணியில்லை என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் உறுத்துகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் பார்த்து மயங்கிய அந்த வெளிநாட்டு விஷயத்தைப் பார்ப்போம். 1992-இல் இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்ற ஊரில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித்தரச் சொல்லி டிடெக்டர் வைத்திருந்த நண்பரைக் கூப்பிட்டார். சுத்தியலும் கிடைத்தது, கூடவே பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ரோமானியக் காசுகளும் நகைகளும் கிடைத்தன. கி.பி. 5-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரோமானிய ஆட்சி அங்கே ஆட்டங்கண்டபோது, பணக்காரக் குடும்பம் ஒன்று பயந்து புதைத்த சொத்து என்கிறார்கள். அந்தச் சுத்தியலையும் பிரிட்டிஷ் மியூசியம் எடுத்து வைத்துக்கொண்டது. 2009-இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கிடைத்த தங்கக் குவியல் வேறு மாதிரி. அது போர்வீரர்களின் வாள்களிலிருந்து பெயர்த்தெடுத்த தங்கம்.

அங்கே ரோமானியன் ஆண்டான், காசு கிடைக்கிறது. இங்கே போர்க்குடி ஆண்டது, வாள்பிடி கிடைக்கிறது. நம் பக்கத்திலும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வணிகம் நடந்ததால் கோவை வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக்காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை மண் தீர்மானிப்பதில்லை. மண்ணுக்கு மேலே யார் எதை வைத்துக்கொள்ள முடிந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது.

அப்படியென்றால் தகடூர் மண்ணில் என்ன இருக்கும்? இரும்பு. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவை புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் சொல்வதும் அதைத்தான். தொண்டைமான் ஆயுதங்கள் நெய்பூசி, அலங்காரம் பண்ணி, காவல் போட்ட அரண்மனையில் இருக்கின்றன. எங்க ராசாவின் வேலோ குத்திக் குத்தி முனைமுறிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கிறது. ஔவையின் கேலி அது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து இன்று கிருஷ்ணகிரியில் இருக்கும் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வு, இரும்பின் காலத்தை கி.மு. 2172-க்குக் கொண்டுபோனது. 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். 2025-இல் தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அதையும் தாண்டி கி.மு. 3345 என்றது. தமிழன் இரும்பு கண்டான் என்று மேடைகள் அதிர்ந்தன. நல்லது. ஆனால் கல் உடைத்தவன் யார், கரி சுட்டவன் யார், உலைக்கு முன்னால் வெந்தவன் யார் என்று எந்த மேடையும் கேட்கவில்லை.

இந்த மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையன்தான் காட்டினான். அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் இரும்புக்கு மெஷின் கத்தாது. தங்கம், வெள்ளி, செம்புக்கு மட்டும் கத்தும். ஆணியும் தகரமும் தொல்லை என்பதால் இந்த ஏற்பாடு. இதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் தெரியுமா? 'டிஸ்கிரிமினேஷன்'. பாகுபாடு! தோழர்களே, நான் சிரித்துவிட்டேன். நூற்றாண்டுகளாக நம்மீது அழுத்தி வைத்திருக்கிற பொத்தானை ஒரு மெஷினிலும் வைத்துவிட்டார்கள்.

இரும்பையாவது அந்தப் பொத்தானை எடுத்துவிட்டால் மெஷின் கேட்கும். மண்சட்டியை எந்தப் பொத்தானும் கேட்க வைக்காது. பறைக்குக் கட்டை, தோல். கூடைக்கு மூங்கில். தண்ணிக்கு மண்குடம். சேரியின் வாழ்க்கை முழுவதும் மெஷினின் காதுக்குக் கேட்காத பொருள்களால் ஆனது. இது தற்செயலா? ஏழ்மை மட்டுமா?

இல்லை. சட்டம் போட்டுச் செய்தது. மனுஸ்மிருதி பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களுக்கு உடைந்த பாத்திரத்தில் சோறு, பிணத்தின் துணி, இரும்பில் மட்டும் நகை என்று எழுதி வைத்தது. எந்தக் காலத்துச் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். அதிகாரியாக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் நூலில் பட்டியல் தருகிறார். முதல் தடை: தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. இன்னொன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. அடுத்த வருசமே தடைகளைப் பதினொன்றாக்கினார்கள். தண்ணி எடுக்கப் பெண்கள் செம்பு, பித்தளைக் குடம் தூக்கக்கூடாது என்றும் அதில் சேர்த்தார்கள். 1935-இல் அகமதாபாத் மாவட்டம் ஜானு கிராமத்தில் உலோகக் குடத்தில் தண்ணி எடுத்ததற்காக நம் பெண்கள் தாக்கப்பட்டதை, அடுத்த வருசம் அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் பதிவுசெய்தார்.

என் ஆயாவிடம் ஒருமுறை கேட்டேன், நம்ம ஊட்ல பழைய சாமான் ஏதாச்சும் இருந்துச்சா என்று. "பித்தள சொம்பு ஒண்ணு வாங்கினாரு உங்க தாத்தா. பொழக்கத்துக்கே எடுக்கல. அடுக்குப் பானைக்கு அடியில ஒளிச்சி வச்சிருந்தோம். ஊர்க்காரங்க கண்ணுல பட்டா ஒனக்கு எதுக்குடா இதுன்னு கேப்பாங்க" என்றாள். பணக்காரன் திருடனுக்குப் பயந்து தங்கத்தைப் புதைத்தான். என் தாத்தா ஒரு சொம்பை ஊருக்குப் பயந்து ஒளித்தார். இரண்டும் புதையல்தான். ஒன்று மட்டும்தான் மியூசியத்துக்குப் போகிறது.

ஆகவே தம்பி, சேரி மண்ணில் மெஷின் கத்தாமல் இருப்பதற்கு வரலாறு இல்லை என்று அர்த்தமில்லை. அந்த மௌனம்தான் வரலாறு. 1930-இன் எட்டுத் தடைகளும் அந்த மௌனத்துக்குள் இருக்கின்றன.

மௌனத்தைக் கலைத்து நாம் உலோகம் வாங்கியபோது என்ன நடந்தது? 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்தில் காவல்துறை வீடுகளுக்குள் புகுந்து டி.வி.யை, மின்விசிறியை, பாத்திரங்களை உடைத்தது. வளைகுடா போய்ச் சம்பாதித்த காசு அது. 2012 நவம்பர் 7-இல் நம் மாவட்டத்திலேயே நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை ஆதிக்க சாதிக் கும்பல் கொளுத்தியது. திவ்யாவும் இளவரசனும் செய்துகொண்ட கல்யாணம் காரணம் என்றார்கள். பெங்களூருக்குப் போய் வேலை செய்து கட்டின வீடுகள். கொளுத்தும் முன் பீரோவை உடைத்து நகைகளை அள்ளினார்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். அடுத்த ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான். இருநூறு வருசம் கழித்து எவனாவது அங்கே மெஷினோடு வந்தால், உருகிய எவர்சில்வரும் பீரோ கீலும் கத்தும். தங்கம் கத்தாது. 'இவங்ககிட்ட ஒண்ணும் இல்ல' என்று அவனும் எழுதிவிட்டுப் போவான்.

இதனால் நாமும் ஆளுக்கொரு மெஷின் வாங்குவோம் என்று நான் சொல்லவில்லை. அனுமதியில்லாமல் தொல்லிடத்தைத் தோண்டுவது குற்றம். குற்றம் என்பதைவிட நட்டம். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாத பொருள் ஊமை. புதையல் வெறியில் நடுகல்லைப் பெயர்த்துப் போடுகிறவன் தன் பாட்டன் பேரை அழிக்கிறான். இன்றும் இருக்கிற 1878-ஆம் வருசப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குச் சொல் என்கிறது. உரிமை கோருவார் இல்லாத பழம் புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலக்காரனுக்குக் கால் பங்கு. கிணறு வெட்டுகிறவன், கடைக்கால் தோண்டுகிறவன், கடப்பாரை பிடிக்கிறவன் யார்? நாம்தான். முக்கால் பங்கு நமக்கு என்று எத்தனை கூலிக்காரருக்குத் தெரியும்? சொல்லாமல் விட்டால் ஒரு வருசம் வரை ஜெயில் என்பது மட்டும் தெரியவரும்.

நான் கேட்பது மூன்று. தொல்லியல்காரர்கள் கோட்டை மேட்டோடு நிற்காமல் காலனி மண்ணையும் சலிக்க வேண்டும். உடைந்த ஓடும் சாட்சிதான். குழியில் இறங்கி மண் அள்ளுகிற பெண்களின் பெயர்கள் அறிக்கையில் வர வேண்டும். மூன்றாவது நமக்கு நாமே: ஆயாக்கள் உயிரோடு இருக்கும்போதே எந்தப் பாத்திரம் தடுக்கப்பட்டது, எந்த நகை கழற்றப்பட்டது என்று ஊர்வாரியாக எழுதி வைக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் வராது.

அந்தப் பையன் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நீங்க கேட்டுப் பாருங்கண்ணா" என்றான். எங்கள் காலனி எல்லை வரைக்கும் தட்டை ஆட்டிக்கொண்டே போனேன். சத்தமே இல்லை. ஆயாவின் சொம்பு ஞாபகம் வந்தது.