சராசரி மழையும் சாகுபடி மழையும்

திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை. ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. டிசம்பரில் கூட்டிப் பார்த்து அந்த அளவு எட்டியிருந்தால், இயல்பான மழை என்று அறிவிப்பு வரும். அதே ஆண்டில் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மானாவாரிக் குடும்பம் விதைச் செலவைக்கூட எடுக்க முடியாமல் நகையை அடகு வைத்திருக்கும். இரண்டுமே உண்மை.

காரணம், பயிர் ஆண்டுக் கணக்கில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒரு மாதத்தில் 20 மில்லிமீட்டர் வீதம் ஐந்து முறை பெய்தால் நிலக்கடலை தேறிவிடும். அதே 100 மில்லிமீட்டர் ஒரே சாயங்காலத்தில் கொட்டி, பிறகு நான்கு வாரம் வானம் வெறிச்சென்று இருந்தால் செடி கருகிவிடும். திண்டுக்கல் சமவெளியில் பெரும்பகுதி ஆழம் குறைந்த செம்மண். அடியில் கடினப் பாறை. பாறை இடுக்கு வழியாக மெதுவாகத்தான் தண்ணீர் இறங்கும். கொட்டும் மழை அதற்கு அவகாசம் தருவதில்லை. அந்தத் தண்ணீர் ஓடைகள் வழியே குடகனாற்றில் சேர்ந்து, அமராவதியை நோக்கிப் போய்விடுகிறது. மழைமானியில் அது பதிவாகும், கிணற்றில் தெரியாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்கிறது அறிவியல். உலகம் சூடேறச் சூடேற, பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், இடையில் நெடுநாள் காய்வதும் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விவசாயி இதை ஆடியில் சந்திக்கிறார். ஒரு மழையை நம்பிச் சின்ன வெங்காயமோ மக்காச்சோளமோ போடுகிறார். ஆவணி காய்ந்தால் மறுவிதைப்பு. அதற்கு இரண்டாவது கடன். எல்லாம் தாண்டி வெங்காயம் திரண்டபின், அறுவடை நேரத்தில் அடைமழை பிடித்தால் காய் அழுகும். ஆழ்துளைக் கிணறு போட்டவருக்கும் நிம்மதி இல்லை. ஆயிரம் அடி துளைத்தும் புகை மட்டும் வந்தால், மானாவாரிக்காரரைவிடப் பெரிய கடன் அவருடையது. எல்லா நட்டத்தையும் மழையின் தலையில் கட்டவும் கூடாது. 2018இல் மக்காச்சோளத்தை அழித்தது படைப்புழு. ஒட்டன்சத்திரம் சந்தையிலும் அய்யலூர் சந்தையிலும் தக்காளி விலை சரிவது, நல்ல மழை பெய்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளையும்போதுதான்.

மழை பெருமளவு பொய்த்த ஆண்டு 2016. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் சுமார் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. ஆடியில் கடன் வாங்கி விதைத்தவருக்கு அந்த அறிவிப்பு வந்தது தையை ஒட்டி. இடைப்பட்ட ஐந்து மாதத்தில்தான் ஒரு குடும்பம் ஆட்டை விற்கிறது, மாட்டை விற்கிறது, பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். தமிழகத்தில் ரேஷன் எல்லோருக்கும் பொது. 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைப் போலச் சாவு இன்று நேராமல் தடுப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் மானாவாரிக் காடு கொடுத்துவந்த கம்பு, சோளம், துவரை, மொச்சை, தட்டைப்பயறு ஆகியவற்றின் இடத்தை அரிசியால் நிரப்ப முடியாது. சோளத்தட்டை இல்லாமல் மாட்டை விற்ற வீட்டில் பாலும் நின்றுவிடுகிறது. பசி அடங்கும், சத்து குறையும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்கு மழை மட்டும் காரணமல்ல என்றாலும், மழை பொய்த்தால் முதலில் மெலிவது அவர்களின் தட்டு.

அடுத்தது புலம்பெயர்வு. திருப்பூர், கோவை, கேரளம் என்று ஆண்கள் போவது பழைய வழக்கம். வேடசந்தூர் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு: ஊருக்குள்ளேயே நூற்பு மில் வேன் வருகிறது. மகள் ஷிப்டுக்குப் போய்த் திரும்புகிறாள், அல்லது மில் விடுதியில் தங்குகிறாள். தினமும் வீடு திரும்புபவளை எந்தக் கணக்கும் புலம்பெயர்ந்தவள் என்று சொல்லாது. ஆனால் அந்த வீடு நிலத்தைவிட்டுக் கூலிக்கு மாறிவிட்டது.

இது நல்லதா கெட்டதா? கேர் அமைப்பும் ஐ.நா. பல்கலைக்கழகமும் மழைமாற்றம் பற்றி 8 நாடுகளில் ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டன. இந்தியாவில் அவர்கள் எடுத்தது சத்தீஸ்கரின் ஜாஞ்ச்கீர்-சாம்பா மாவட்டம். கையில் கொஞ்சம் நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்கு வெளியூர் வேலை ஒரு ஏணி. ஒன்றுமில்லாதவர்களை அது மேலும் கரைக்கிறது என்பது அதன் சாரம். திண்டுக்கல்லுக்கும் இது பொருந்தும். கடனுக்குப் பயந்து போகும் பெண்ணால் சம்பளத்தையும் மரியாதையையும் கேட்டு வாங்க முடிவதில்லை. வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022இல் தொழிற்சங்கமும் ஓர் ஏற்றுமதி நிறுவனமும் செய்துகொண்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தை, வறட்சி நிவாரணத்தோடு சேர்த்தே நான் பார்க்கிறேன்.

என்ன செய்யலாம்? நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் முதல் கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அத்தகைய வேலையை ஆவணி, புரட்டாசி வறட்சியின்போதே கொடுத்து, சீமைக்கருவேலம் அடைத்த வரத்து வாய்க்கால்களைத் தூர்வாரினால், ஐப்பசியில் கொட்டும் மழை கண்மாய்க்கு வந்து சேரும். வறட்சியை ஆண்டு மொத்தத்தை வைத்து மாவட்ட அளவில் முடிவு செய்யாமல், விதைத்த நாளிலிருந்து எத்தனை நாள் காய்ந்தது என்று பிர்க்கா அளவில் பார்த்தால், கடன் தவணையை அப்போதே தள்ளிவைக்கலாம். அதற்கு வேண்டியது கூடுதல் மழைமானிகளும், அவற்றைத் தினமும் படித்துப் புரட்டாசிக்குள் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரு மாவட்ட அலுவலரும்.