பார்வைக்கு மட்டும் என்றாலும் பூட்டு வேண்டும்

மரக்காணம் உப்பளங்களில் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரியாகட்டும், ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் மளிகைக் கடை நடத்துபவராகட்டும், கணக்குக்கு கம்ப்யூட்டரை நம்பியிருப்போர் நம்மில் பெருகிவிட்டனர். கிளையும் கிடங்கும் உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மூலக் கணக்கில் விழும் ஒவ்வொரு பதிவும் சில நொடிகளில் வேறொரு கம்ப்யூட்டரில் நகலாகப் பதிவாகும். அந்த நகலைப் பார்க்கலாம், திருத்த முடியாது. ஆடிட்டரும் கிளை மேலாளரும் அதைப் பார்த்துக்கொண்டால் கடையில் பில் போடும் வேலை தடைப்படாது.

வசதி நல்லதுதான். ஆனால், "திருத்தத்தான் முடியாதே, யார் பார்த்தால் என்ன?" என்ற மெத்தனம் ஆபத்தானது. பேரேட்டில் ஒருவன் கை வைத்தால் கூட்டல் காட்டிக்கொடுக்கும். படித்துவிட்டுப் போனால் எந்தத் தடயமும் இராது. கொள்முதல் விலை, கடன் பாக்கி, வாடிக்கையாளரின் தொலைபேசி எண் ஆகியவை தெரிந்தால் போட்டியாளருக்குப் போதும்.

2021 ஜூன் மாதம், தமிழக ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியாகியிருப்பதாக டெக்னிசாங்க்ட் என்ற தனியார் நிறுவனம் அறிவித்தது. ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை. விவரம் வெளியே போவதே சேதம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகை செய்துள்ளது. மூலமா, நகலா என்று பார்த்து அது சலுகை தராது.

எனவே, மூலத்துக்கு உள்ள பூட்டு நகலுக்கும் வேண்டும் என்கிறோம். பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்வேர்டு தர வேண்டும். வேலையை விட்டுப் போனவருடையதை அன்றே நீக்க வேண்டும். இருப்பு பார்ப்பவருக்கு இருப்பு மட்டும் தெரிந்தால் போதும். கடன் பாக்கி எதற்கு? நகல் உள்ள கம்ப்யூட்டரை இணையத்தில் எவரும் எட்டும்படி திறந்து வைக்கக் கூடாது. யார், எப்போது பார்த்தார் என்ற பதிவும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த நகலைக் காப்புப் பிரதி என்று எண்ணி ஏமாற வேண்டாம். மூலத்தில் தவறுதலாக அழிந்தது அடுத்த நொடியே நகலிலும் அழியும். தினசரிக் காப்புப் பிரதியைத் தனியே எடுத்து வைப்பதே முறை.

மென்பொருள் வாங்கும்போது விலையைப் பேரம் பேசும் நாம், இந்த விவரங்களையும் கேட்டு வாங்க வேண்டும். கல்லாவைப் பூட்டிவிட்டுப் பேரேட்டைத் திண்ணையில் வைப்பது வியாபாரம் ஆகாது.