தண்ணிய மேல தூக்கற கணக்கு

ஊருக்கு வர்ற சொந்தக்காரப் பசங்க இளநீ குடிச்சுட்டு மோட்டார் ரூமைப் பாத்ததும் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்குங்க. "ஏனுங் மாமா, உங்களுக்கு கரண்டு சும்மா தானுங்களே? அதான் தண்ணிய இப்படி எறைக்கறீங்க." அவங்க கேலியாத்தான் கேக்கறாங்க. ஆனா டிவியில கோட்டு போட்டவங்க இதையே நெசமா பேசறாங்க. இலவச மின்சாரத்தை நிறுத்தி மீட்டர் வெச்சுட்டா நிலத்தடித் தண்ணி மிஞ்சிருமாம். எனக்கு அதுல பாதிக்கு மேல உடன்பாடு இல்லை. காரணம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துலயே இருக்கு. நான் படிச்சதும் அதோட சரி.

ஒரு பொருளைத் தூக்க எவ்வளவு வேலை ஆகும்னா, அதோட எடையை உயரத்தால பெருக்கணும். 1 லிட்டர் தண்ணி 1 கிலோ. பூமி அதை இழுக்கற விசை 9.8 நியூட்டன். 1 மீட்டர் தூக்கினா 9.8 ஜூல். 1 யூனிட் கரண்டுங்கறது 36 லட்சம் ஜூல். இவ்வளவு தெரிஞ்சா போதும்.

உங்க பத்து மாடி அப்பார்ட்மென்ட்டுல மொட்டை மாடித் தொட்டிக்கு 1000 லிட்டர் ஏத்தணும், உயரம் 30 மீட்டர்னு வெச்சுக்குங்க. 2 லட்சத்து 94 ஆயிரம் ஜூல், அதாவது 0.08 யூனிட். எங்க பக்கம் 1000 அடி போர் இப்ப ஒண்ணும் அதிசயமில்லை. போர் ஆழம் கணக்கில்லைங்க, உள்ள தண்ணி நிக்கற மட்டம்தான் கணக்கு. கோடையில அது 300 மீட்டருக்குப் போயிருச்சுன்னா, ஒண்ணு மேல ஒண்ணா பத்து அப்பார்ட்மென்ட்ட அடுக்கி வெச்சு, உச்சித் தொட்டிக்கு ஏத்தற வேலை அது.

ஒரு ஏக்கருக்கு 2 அங்குலம் தண்ணி கட்டுனா ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். தண்ணி 10 மீட்டர்ல கெடந்தா அதை மேல கொண்டுவர 5.4 யூனிட். 100 மீட்டர்னா 54. 300 மீட்டர்னா 163. இது வெறும் தூக்கற வேலை மட்டும். பைப்பு உராய்வு, பம்பு, மோட்டார் சூடுன்னு பாதிக்கு மேல வழியிலயே போயிரும். செட்டு 40 சதம்தான் வேலை செய்யுதுன்னா, 300 மீட்டர்க்காரனுக்கு ஒரு தடவை தண்ணி கட்ட 400 யூனிட்டைத் தாண்டும். பயிர் அதே பயிர், தண்ணியும் அதே அளவு.

நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊர்ல கவலை ஓட்டுனாங்க. தெக்க கமலைம்பாங்க. மாடு கெணத்து மேட்டுல இருந்து சரிவுல கீழ எறங்கும், சால் மேல வரும். அந்தச் சரிவுதான் சூட்சுமம். மாட்டோட சொந்த எடையும் சேந்து வடத்தை இழுக்கும். ஓட்டறவர் வடத்து மேல ஏறி ஒக்காந்துக்குவார், அவர் எடையும் சேந்துக்கும். சும்மா கெடைச்சதுன்னு நெனைச்சராதீங்க, மாடு பின்னாலயே மேடேறும்போது அந்தக் கடனை அடைச்சாகணும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிச்சவன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சானோ!

சாலுக்கு 150 லிட்டர், நிமிஷத்துக்கு ஒரு சால், கெணறு 10 மீட்டர்னு போட்டுப் பாருங்க. ஒரு சோடி மாட்டோட திறன் ஒரு எச்.பி.யில மூணுல ஒரு பங்குதான் வரும். 2 லட்சம் லிட்டருக்கு 22 மணி நேரம், மூணு நாலு நாள் ஓட்டணும். அதுக்குள்ள ராத்திரியில கெணறு ஊறிக்கும். 5 எச்.பி. மோட்டார்னா அது மாதிரி 15 சோடி மாட்டை ஒரே கெணத்துல பூட்டற மாதிரி.

இங்கதான் எங்க ஆளுங்களோட எனக்குச் சண்டை. 5 எச்.பி. பத்தலைன்னு 10 எச்.பி. எறக்கறாங்க. அதே தண்ணிய அதே உயரத்துக்குத் தூக்க ஆகற வேலை மாறப்போறதில்லை, நேரம்தான் பாதியாகும். பாறை இடுக்குல ஊறி வர்ற தண்ணி மோட்டார் சைஸைப் பாத்து வேகமா வராது. அவசரமா உறிஞ்சினா மட்டம் எறங்கும், தூக்கற உயரம் கூடும், லிட்டருக்கு ஆகற கரண்டும் கூடும்.

மீட்டர்காரங்க சொல்றதுல நாயம் இருக்கற பாதியும் இதுதான். 1990-ல எல்லா விவசாயிகளுக்கும் கரண்டு இலவசமானதுக்கப்புறம், பழைய மோட்டாருக்கே அஞ்சாவது தடவை காயில் கட்டி ஓட்டறான், புதுசு வாங்க அவனுக்கு என்ன அவசியம்? கரண்டு எப்ப வந்தாலும் ஓடட்டும்னு ஆட்டோ போட்டுட்டுப் போய் படுத்துக்கறான். இதெல்லாம் நிக்கணும்.

ஆனா மீட்டர் யாரை அடிக்கும்னு பாருங்க. கொளத்தோரம் 60 அடியில தண்ணி இருக்கறவன் வாய்க்கால் நெறைய விட்டாலும் பில்லு கொஞ்சமாத்தான் வரும். மேட்டாங்காட்டுல 600 அடியில இருந்து எடுத்து, சொட்டுநீர் போட்டு, பாதித் தண்ணியில பயிர் பண்றவனுக்கு அஞ்சு மடங்கு வரும். சிக்கனமா இருக்கறவனுக்குத்தான் தண்டனை.

காசைப் போடறதா இருந்தா மட்டத்தை மேல கொண்டுவரப் போடட்டும். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட்டுல தொடங்குச்சு. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ போற பவானி உபரித் தண்ணிய 6 நீரேற்று நிலையம் வெச்சு மேட்டுக்கு ஏத்தி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டத்துல 1,045 குளம் குட்டைக்கு விடறாங்க. அங்கயும் கரண்டுதான், அங்கயும் தூக்கற வேலைதான். ஆனா ஒரு தடவை தூக்கிக் குட்டையில விட்டா, சுத்தி இருக்கற அத்தனை கெணத்துலயும் தூக்கற உயரம் கொறையும். மட்டம் 10 மீட்டர் மேல வந்தா, 40 சத செட்டுக்கு ஏக்கருக்கு ஒரு தண்ணிக்கு 13 யூனிட்டுக்கு மேல மிச்சம். குட்டையில வண்டல் நெறஞ்சு கெடந்தா தண்ணி நெலத்துக்குள்ள எறங்காது, அதை எடுக்கற செலவையும் இந்தக் கணக்குல சேத்துக்கணும்.

அடுத்த தடவை அந்தப் பசங்க வந்தா ஒரு பேப்பரும் பேனாவும் குடுக்கலாம்னு இருக்கேன்.