வெட்கம் யாருக்கு?

சிறுவயதுத் திருமணம் பற்றி எங்கள் மாணவிகள் போடும் நாடகத்தில் "உடம்பு" என்ற சொல் வருகிறதாம், வெட்கமாம். வெட்டச் சொல்கிறீர்கள்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி மணமகளின் கையொப்பம் தேவையில்லை, வலி ஒப்பமிட்டால் போதும். காதி அனுமதித்தால் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நிக்காஹ்வையும் பதியலாம். அதற்கு வெட்கமில்லையா?

அ. மங்கை 'பச்ச மண்ணு' நாடகத்தில் பெண்சிசுக்கொலையைத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கே கொண்டுபோய்க் காட்டினார். 2012இல் தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டபோது நாங்களும்தானே "எங்களையும் கேளுங்கள்" என்றோம்? இப்போது கேட்கச் சொல்வது தரம் எட்டுப் பிள்ளை.

காட்சியை வெட்ட மாட்டோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒத்திகை. உம்மாமார் மட்டுமில்லை, வாப்பாமாரும் வாங்க.