ஆறு மணி நேரமும் அதன் பிறகான ஆண்டுகளும்

செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலம் தாண்டி வந்தவாசிக்குப் போகும் சாலையில், பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டுபவர்களுக்குப் பஞ்சமில்லை. வண்டி சாய்ந்தால் எல்லோரும் தலையைத் தடவிப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். இடுப்பு மூட்டு யார் நினைவுக்கும் வராது. ரத்தம் இல்லை, வீக்கமும் வெளியே தெரியாது. "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவிவிடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

இடுப்பு மூட்டுக் காயம் அபூர்வம்தான். ஆனால் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இடுப்பு மூட்டு நழுவ லாரி வந்து மோத வேண்டியதில்லை. தசைநார் தளர்வான வயது, விளையாட்டில் கால் வழுக்கினாலே போதும். தொடை எலும்பின் தலை பெரும்பாலும் பின்பக்கமாக நழுவும். கால் குட்டையாகத் தெரியும், முழங்கால் மடங்கி உள்பக்கம் திரும்பி நிற்கும், நேராக்கப் போனால் பிள்ளை அலறும். அந்தக் காலை இழுக்கவோ நீவவோ கூடாது. எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, தசை தளர்ந்தபின் உள்ளே சேர்ப்பதே முறை.

நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டில் கை முறிவு கூடியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், மறுக்க வேண்டாம். ஆனால் எந்தக் கட்டும் நழுவிய தலையை அது பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள் கொண்டுவராது.

42 பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த அமெரிக்க மருத்துவர்கள் 2000-இல் எழுதியது இது: ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ரத்த ஓட்டம் நின்று எலும்பின் தலை பட்டுப்போகும் அபாயம் இருபது மடங்கு. ஆகவே இரவில் மயக்க மருத்துவர் இல்லையென்றால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. நல்ல திட்டம். ஆனால் அப்படியொரு விபத்தில் இடுப்புக் கிண்ணமே முறிந்த பிள்ளைக்கு 48 மணி நேரம் எந்த மூலைக்கு?

அந்தக் கிண்ணத்தில் மூன்று எலும்புகள் கூடும் இடத்தில் ஒய் வடிவக் குருத்தெலும்பு ஒன்று உண்டு. கிண்ணம் வளர்வதே அதனால்தான். அது நசுங்கினால் முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சில ஆண்டுகளில் கிண்ணம் ஆழமின்றி நின்று, தலை வெளியே நகரத் தொடங்கும். பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு வயது, ஆண் பிள்ளைக்கு அதற்கும் இரண்டாண்டு கூட ஆகும் அந்தக் குருத்தெலும்பு மூட. அதுவரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை ஓடத் தொடங்கியதும் எந்தப் பெற்றோர் வருவார்கள்?

தடுப்பூசித் தேதி தவறினால் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வரும் மாநிலம் இது. அந்தச் செவிலியரின் பதிவேட்டில் இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த எக்ஸ்ரே தேதியைத் தமிழில் எழுதித் தரலாம்.