இடம் மாறிய நூலகங்களும் இடம் மாறிய பழியும்

இற்றைப்படுத்தலின் பின் கணினியொன்று எழ மறுக்கும்போதெல்லாம் லினக்ஸ் வல்லுநர் சிலரிடமிருந்து ஒரே தீர்ப்பே பிறக்கின்றது: அறிவிப்பை வாசியாதவன் அதன் பயனை அனுபவிக்கட்டும் என்பதே அது. இத்தீர்ப்பு எத்துணை நீதியானது என்பதை 2012ஆம் ஆண்டு நிகழ்வொன்றைக் கொண்டு நோக்குதல் தகும்.

அவ்வாண்டு யூலையில் ஆர்ச் லினக்ஸ், 'லிப்' என்னும் கோப்புறையிலிருந்த நூலகக் கோப்புகளை 'யூஎஸ்ஆர்' கோப்புறையினுள் அமைந்த 'லிப்'புக்கு மாற்றியது. பழைய இடத்தில் புதிய இடத்தைச் சுட்டும் இணைப்பு மட்டுமே எஞ்சவேண்டும். ஆயின் வேறு பொதிகளோ பயனரோ இட்ட கோப்பு ஒன்றேனும் அங்கு தங்கியிருப்பின் அவ்விணைப்பை ஏற்படுத்த இயலாது. பொதி முகாமைக் கருவியாகிய பக்மான், அந்நிலையில் கோப்பு ஏற்கெனவே உளது என்று கூறிப் பணியை நிறுத்தியது. காரணத்தையும் பரிகாரத்தையும் அது கூறவில்லை. வற்புறுத்தும் கட்டளையைப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கை, திட்டத்தின் செய்திப் பக்கத்தில் இருந்தது.

அதனைக் காணாது வற்புறுத்தியோரின் முறைமைகள் சிதைந்தன. பொது நூலகங்களைச் சார்ந்த நிரல் ஒவ்வொன்றும் இயங்குமுன் 'ஏற்றி' எனப்படும் கோப்பை நிலையானதொரு முகவரியில் தேடும். அம்முகவரி வெறுமையானதும் தொடக்க நிரல் எழாது. கோப்புகளை மீள நகர்த்தும் கட்டளையுங்கூடச் செயலிழக்கும். கண்முன் உள்ள நிரலையே இல்லையென முறைமை அறிவிக்கும். நிறுவல் இறுவட்டினால் கணினியை எழுப்பிச் சீர்செய்வதே பின்னர் எஞ்சும் வழி.

இவ்விரட்டைக் கோப்புறைகள் பயனரின் படைப்பா? அன்று. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸை வளர்த்தபோது, முதல் வட்டில் இடம் போதாமையால் முறைமையின் ஒரு பகுதி இரண்டாம் வட்டுக்குச் சென்றது. வட்டின் வறுமையில் விளைந்த பிரிவு, வறுமை நீங்கிய பின்னரும் மரபாகப் பேணப்பட்டது. அதனை நீக்கியமை சரியே. நீக்கத்தின் சுமையை அறியாதவன் தலையில் ஏற்றியமையே தவறு.

ஆர்ச் தன்னார்வலரின் ஆக்கம்; கற்க விழைவோருக்கானது; எனவே வாசித்தல் கடமை என்பர். கடமை உண்டு. ஆயின் எச்சரிக்கை ஆபத்து நேரும் இடத்திலேயே ஒலிக்கவேண்டும். பாலம் உடைந்ததை ஊர்ச்சபை அறிவித்தற் பலகையில் ஒட்டிவிட்டுப் பாலத்தருகே பலகை நாட்டாதோர், விழுந்தவனைக் குறைகூறல் முறையாகாது. டெபியன் இம்மாற்றத்துக்கெனத் தனிப் பொதியொன்றையே ஆக்கியது. 2023இல் வெளியான 12ஆம் பதிப்பிலேயே இணைந்த அமைப்பைக் கட்டாயமாக்கியது. அவ்வழியும் இடரற்றதன்று, எனினும் பொறுப்பு யாருடையது என்பதில் அங்கு மயக்கமில்லை.

பக்மானை ஆக்கியோரே 2018இல், குறித்த கோப்புகளை மட்டும் பெயர்சுட்டி மேலெழுதும் தெரிவை அறிமுகப்படுத்தினர். கண்மூடித்தனமான பழைய கட்டளை பின்னர் கைவிடப்பட்டது. கருவி திருந்தவேண்டியிருந்தது என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை. கருவி திருந்திவிட்டது, தீர்ப்பு வழங்குவோர் திருந்துவது எப்போது?